கழுவாத முட்டைகள்

எங்கள் வீட்டுச் சமையலறையில் சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு பால்மானி இருக்கிறது. சின்னக் கண்ணாடிக் குழாய். பாலில் விட்டால் மிதந்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று காட்டிக்கொடுத்துவிடும். கால்நடை மருத்துவம் படித்து நான் வீட்டுக்குச் செய்த முதல் உபகாரம் அது. பால்காரர் வாசலில் நிற்கும்போதே விட்டுப் பார்ப்பேன். அவர் முகம் சுருங்கிப்போகும். "இப்படி மூஞ்சிக்கு நேராவா பாப்ப?" என்று அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள். முதுகுக்குப் பின்னால் பார்ப்பதைவிட இதுதான் நாணயம் என்று நான் வாதாடுவேன். இத்தனை வருடத்தில் ஒருநாள்கூட அந்தப் பாலில் தண்ணீர் இருந்ததில்லை. அதனாலேயே எனக்கு அவர்மேல் சந்தேகம் கூடிக்கொண்டு போனது.

அம்மாவுக்கு வேறொரு பழக்கம் உண்டு. தஞ்சாவூருக்குக் குடிவந்த பிறகும் அது போகவில்லை. சூப்பர் மார்க்கெட்டில் சாமான் வாங்கிக்கொண்டு வெளியே வரும்போது, வாசலில் காவலாளி நிற்பதைப் பார்த்ததும், இடுப்பு மடியைத் தளர்த்தி ஓர் உதறு உதறுவாள். யாரும் கேட்பதில்லை. காவலாளி சங்கடப்பட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். எனக்கு மானம் போகும். "நீ என்ன திருடிட்டா வந்த?" என்று வண்டி நிறுத்துமிடத்திலேயே கத்தியிருக்கிறேன். "கை தானாப் போவுதுடி" என்பாள்.

அது எங்கிருந்து வந்த பழக்கம் என்று எனக்குத் தெரியும். அறுவடைக் காலத்தில் சாயங்காலம் களத்துமேட்டை விட்டுக் கிளம்பும் பெண்கள், பண்ணையின் காரியக்காரர் முன்னால் ஒவ்வொருவராக நின்று மடியை அவிழ்த்து உதறிக் காட்டவேண்டும். யாராவது நெல்லை ஒளித்து எடுத்துப் போகிறார்களா என்று அவர் பார்ப்பார். நான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகும் அம்மா அந்த வரிசையில் நின்றிருக்கிறாள். தெரிந்துகொண்டேதான் கத்தினேன்.

நான் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டது வாத்துகளின் பயம். தலைப்பு இரண்டு வரிக்கு நீளும். மேய்ச்சல் வாத்துகளில் அழுத்தத்துக்கு உடல் காட்டும் எதிர்வினை என்று போகும். அம்மா அதைச் சுருக்கி, "வாத்துக்குப் பயம் வருதான்னு படிக்கிறா" என்று பக்கத்து வீட்டில் சொல்லிவைத்திருந்தாள். என் தலைப்பைவிட அது தெளிவாக இருந்தது.

பறவை மிரண்டால் அதன் இரத்தத்தில் ஒரு ஹார்மோன் ஏறும். இரத்தம் எடுத்து அளக்கலாம்தான். ஆனால் பிடித்து இறக்கையை விரித்து ஊசி குத்துவதற்குள் பாதிப் பயம் நம்மாலேயே ஏறிவிடும். எது சாலை கொடுத்த பயம், எது என் கை கொடுத்த பயம் என்று பிரிக்க முடியாது. அதனால் நான் முட்டையைப் பிடித்துக்கொண்டேன். முட்டையின் வெள்ளைக்கரு, இடப்படுவதற்கு முந்தைய நாளில்தான் உருவாகிறது. அந்த நாளில் தாய் வாத்தின் இரத்தத்தில் ஓடியதில் ஒரு துளிப் பங்கு அதில் தங்கிவிடும். வாத்தைத் தொடாமலே அதன் நேற்றைய பயத்தை இன்று அளக்கலாம். முட்டை பொய் சொல்லாது என்று என் முதல் அறிக்கையில் எழுதியிருந்தேன். என் வழிகாட்டிப் பேராசிரியர் அந்த வாக்கியத்தைச் சிவப்பு மையால் அடித்தார்.

அந்த வருடம் என் ஆய்வுக்கு ஓர் அவசரமும் வந்து சேர்ந்தது. வாத்துக் கூட்டத்தைத் தார்ச்சாலையில் ஊர் ஊராக நடத்திப் போவது பிராணி வதை, அதைத் தடுக்கவேண்டும் என்று யாரோ மனுக் கொடுத்திருந்தார்கள். அதிகாரிகள் எங்கள் துறையின் கருத்தைக் கேட்டார்கள். என் முடிவைப் பார்த்துவிட்டுப் பதில் எழுதுவதாக வழிகாட்டி சொல்லிவிட்டார். தடை வந்தால் வாத்துக்காரர்கள் வயலுக்கு வயல் லாரி வைத்துத்தான் போகவேண்டும். அது யாருக்கும் கட்டுப்படியாகாது. வாத்தை விற்றுவிட்டு வேறு வேலை தேடவேண்டியதுதான்.

சம்பா அறுவடை முடிந்து தை கடைசியில் அந்தத் தம்பதியைக் கண்டுபிடித்தேன். திருவிடைமருதூருக்கு வடக்கே, கொள்ளிடக் கரையோரம் வாத்துப்பட்டி போட்டிருந்தார்கள். பட்டி என்றால் வேறொன்றுமில்லை, ஒரு மேட்டில் நாலு பக்கமும் வலை கட்டிய இடம். பக்கத்தில் தார்ப்பாய்க் கொட்டகை. பகலில் அறுத்த வயலில் சிந்திய நெல்லையும் நத்தையையும் மேயவிட்டு, பொழுது சாய்ந்தால் வாத்துகளைப் பட்டிக்குள் அடைப்பார்கள். விடிவதற்குள் முட்டை கிடக்கும். வயல் மேய்ந்து தீர்ந்ததும் அடுத்த ஊருக்கு நடை. கணவருக்கு நாற்பது தாண்டியிருக்கும். மனைவிக்கு என் வயது.

கணவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எந்த டிபார்ட்மெண்டு?" என்றார்.

கால்நடைக் கல்லூரி என்றேன்.

"பறவைக் காய்ச்சல்னு எழுதிக் குழி வெட்டிப் பொதைக்கச் சொல்ல மாட்டீங்களே?"

மாட்டேன், முட்டை மட்டும் போதும் என்றேன். அவர் நம்பவில்லை. நான் நிறுத்தியிருந்த ஸ்கூட்டரின் நம்பர் பிளேட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

அவர்களைச் சம்மதிக்க வைக்க மனு விஷயத்தை எடுத்துவிட்டேன். "நடக்கறதால வாத்துக்குப் பெரிசா பயம் இல்லைன்னு வந்துட்டா, ஒங்கள யாரும் தடுக்க முடியாதுங்க. முடிவு நல்லா வந்தா ஒங்களுக்குத்தான் நல்லது" என்றேன். ஆய்வுக்கு மாதிரி தருபவர்களிடம் சொல்லவே கூடாத வாக்கியம் அது. முதல் வருட மாணவனுக்கும் தெரியும். எனக்குக் காரியம் ஆகவேண்டியிருந்தது, சொல்லிவிட்டேன்.

நான் பட்டிக்குள் போனால் வாத்துகள் மிரளும் என்பதால், வாத்துக்காரம்மாவே பொறுக்கித் தருவது என்று ஏற்பாடு. அவர் என் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டார்.

"நடந்த மறுநாள் பத்து, நடக்காத மறுநாள் பத்து. சரிங்களா?"

"ஆமாங்க. கழுவக் கூடாது. சேறு இருந்தா இருக்கட்டும். தேதி எழுதி வச்சிடுங்க."

"முந்தின நாள் பயம் வெள்ளையிலதான் இருக்குமா? மஞ்சள்ல இருக்காதா?"

மஞ்சள் கரு பல நாள் சேர்ந்து உருவாவது, வெள்ளைதான் நேற்றைய கணக்கு என்று விளக்கினேன். "நேத்து மட்டுந்தான் தெரியும்" என்று அவர் தனக்குள் சொல்லிக்கொண்டார். இவ்வளவு ஏன் கேட்கிறார் என்று அப்போதே எனக்கு உறுத்தியது. திரும்பி வரும்போது வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

முதல் தொகுப்பு முட்டைகளைக் கல்லூரிச் சோதனைக்கூடத்தில் அளந்து வரைபடம் போட்டேன். கோடு தட்டையாக வந்தது. நடந்த நாளுக்கும் நடக்காத நாளுக்கும் மயிரிழை வித்தியாசம்கூட இல்லை. வாத்துகள் ஏதோ மடத்துச் சாமியார்கள் மாதிரி இருந்தன.

அதில் ஒரு நாளை நான் நேரில் பார்த்திருந்தேன். அன்று அவர்கள் பின்னால் ஸ்கூட்டரில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தேன். வளைவில் வந்த பஸ் நீளமாக ஹாரன் அடித்தது. கூட்டத்தில் பாதி, வாய்க்காலில் போய் விழுந்தது. கணவர் கழியை நீட்டிக்கொண்டு அலறினார். வாத்துகள் கழுத்தை நீட்டி, அலகைத் திறந்து, மூச்சு இரைக்க நின்றன. அதற்கு மறுநாள் முட்டையிலும் பயம் இல்லை என்று இயந்திரம் சொன்னது.

வழிகாட்டி வரைபடத்தை மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "என்னம்மா இது, இவ்வளவு சுத்தமா இருக்கு? நீங்களேதான் எடுத்தீங்களா, இல்ல..." என்று நிறுத்தினார். இல்லாவிட்டால் என்ன என்று அவர் சொல்லி முடிக்கவில்லை. எண்களை நானே உட்கார்ந்து எழுதினேனா என்று கேட்கிறார், எனக்குப் புரிந்தது. காதுவரை சூடு ஏறியது. மற்ற மாணவர்களிடம் இப்படிப் பாதியில் நிறுத்துவாரா, என்னிடம் மட்டும்தானா? நான் எந்த ஊர், யார் வீட்டுப் பெண் என்பது அவருக்குத் தெரியும். அதனால்தானோ என்று மூன்று வருடமாக அவரிடம் எனக்கொரு சந்தேகம். அதில் விட்டுப் பார்க்க ஒரு பால்மானி கிடைக்கவில்லை.

அவரிடம் காட்ட முடியாத கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. வாத்துக்காரம்மா ஏமாற்றுகிறார். அன்றன்றைக்குப் பொறுக்கிய முட்டையை வியாபாரிக்குப் போட்டுவிட்டு, கொட்டகையில் கிடந்த பழையதை என் தலையில் கட்டுகிறார். இதுதான் என் முடிவு. அதற்குப் பிறகு நான் ஆய்வு செய்தது வாத்துகளை அல்ல. நோட்டின் பின்பக்கத்தில் எழுதிவந்தேன். முட்டை தரும்போது என் கண்ணைப் பார்ப்பதில்லை. இடது கை எப்போதும் மடிமேல் இருக்கிறது. மடி புடைத்திருக்கிறது. கொட்டகைக்குள் வைக்கோல் மூடிய கூடை ஒன்று, நகர்வதே இல்லை. கணவர் என்னைக் கண்டதும் பீடியை அணைக்கிறார், எதற்கு? இப்போது அந்தப் பக்கத்தைப் புரட்டினால், ஒரு மனிதர் என்னைக் கண்டு மரியாதைக்குப் பீடியை அணைத்ததைக்கூடக் குற்றமாக எழுதி வைத்திருக்கிறேன்.

மாசி பாதியில் அவர்கள் தெற்கே குடவாசல் பக்கம் வந்துவிட்டிருந்தார்கள். முந்தைய நாள் நடந்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். வருகிறேன் என்று போன் செய்யாமல், விடியும் நேரத்துக்குப் போய் நின்றேன். பம்புசெட் கொட்டகைக்குப் பின்னால் ஸ்கூட்டரை மறைத்து நிறுத்திவிட்டு, பனியில் வரப்பு வழியே நடந்தேன். வாத்துக்காரம்மா பட்டிக்குள் குனிந்து குனிந்து முட்டை பொறுக்கிக்கொண்டிருந்தார். கூடையோடு கொட்டகைக்குள் போனார். வெளியே வரும்போது கையில் கூடை இல்லை. முட்டை அட்டை இருந்தது, அதில் பத்து முட்டை.

என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். "டாக்டரம்மா, சொல்லாம வந்துட்டீங்களே" என்றார்.

அட்டையை வாங்கிப் பார்த்தேன். முட்டைகளின் மேல் காய்ந்த சேறு, வெளிர் நிறத்தில், மணல் கலந்து. கீழே குனிந்து பார்த்தேன். நாங்கள் நின்ற இடம் கருகருவென்ற களிமண். நடவு நட்டுவிட்டு அப்படியே வந்து கால் கழுவும் பெண்களின் நடுவில் வளர்ந்தவள் நான். எந்தச் சேறு எந்த ஊர் என்று துவைகல்லைப் பார்த்தே சொல்வேன். இது கொள்ளிடக் கரை வண்டல். இங்கே நேற்று வந்த வாத்து, அங்கத்திய சேற்றோடு எப்படி முட்டை போடும்?

"எப்ப எடுத்தது இது?"

"இப்பத்தாங்க. செத்த முன்ன."

கொட்டகை வாசலில் தண்ணீர் வாளி இருந்தது. ஒரு முட்டையை அதில் விட்டேன். புது முட்டை அடியில் படுத்துக்கொள்ளும். இது எழுந்து நின்றது. ஒரு வாரமாவது ஆகியிருக்கும். இருவரும் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். வாத்துக்காரம்மாவின் இடது கை மடிமேல் போனது.

"மடியில என்ன?"

"ஒண்ணுமில்லங்க."

"அவுத்துக் காட்டு."

அதுவரை நான் அவரை நீங்க என்றுதான் சொல்லிவந்தேன். அந்த ஒரு சொல்லில் அது கழன்று விழுந்ததை நானே கேட்டேன். அவரும் கேட்டார். முடிச்சை அவிழ்த்து, முந்தானையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மடியை என் பக்கமாக விரித்துக் காட்டினார். பாலிதீன் பையில் சுற்றிய செல்போன். வெற்றிலைப் பொட்டலம். ஒரு பூட்டுச் சாவி. முட்டை இல்லை.

அங்கேயே நான் நிறுத்தியிருக்கலாம். தப்பாகப் பார்த்துவிட்ட வெட்கத்தில் கோபம் இன்னும் ஏறியது. கொட்டகைக்குள் நுழைந்து, வைக்கோல் மூடிய அந்தக் கூடையைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். முட்டைகள் உருண்டு ஒன்றோடொன்று மோதி உடைந்தன. சில, தேதி எழுதிய காகிதத் துண்டில் சுற்றியவை. "மூணு வருஷப் படிப்பு எனக்கு! மூணு வருஷம்!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. வாத்துகள் ஒரே அலையாக எதிர்ப்பக்க வலையில் போய் மோதின. குச்சி சாய்ந்தது. கூட்டம் முழுக்க வலையை மிதித்துக்கொண்டு, பக்கத்து வயலில் இறங்கிவிட்டது. அங்கே உளுந்து பூத்திருந்தது. உளுந்து நிற்கும் வயலில் வாத்து இறங்கினால் அந்த ஊரில் பிறகு பட்டி போட முடியாது. கணவர் கழியை எடுத்துக்கொண்டு ஓடினார். அந்த அம்மா மடியைக் கட்டாமலே பின்னால் ஓடினார்.

திருப்பிக் கொண்டுவர வெயில் ஏறிவிட்டது. நான் போகவில்லை. வாக்குமூலம் வாங்காமல் போவதில்லை என்று வரப்பிலேயே நின்றேன். வாத்துக்காரம்மா முழங்கால்வரை களிமண்ணோடு வந்து, உட்காராமல் சொன்னார்.

"வெள்ளையில நேத்துப் பயம் தெரிஞ்சிடும்னு நீங்கதான சொன்னீங்க. நடந்த அன்னைக்கு பஸ்ஸுக்காரன் அடிச்ச ஹாரன்ல வாத்தெல்லாம் வாய்க்கால்ல விழுந்துச்சு, நீங்களும் பாத்தீங்க. அந்த முட்டைய ஒங்க கையில குடுத்து, நீங்க பயம்னு எழுதி, ரோட்டுல நடக்கக் கூடாதுன்னு வந்துட்டா நாங்க எங்கங்க போவோம்? அதான் வாத்து மேட்டுல சும்மா படுத்துக் கெடந்த நாளு முட்டையா எடுத்து வச்சிக் குடுத்தேன். அதுவும் எங்க வாத்து போட்டதுதாங்க. வெளியில வாங்குனது இல்ல."

சோதனையின் நுணுக்கத்தை என் வழிகாட்டியின் மற்ற மாணவர்களைவிட ஒழுங்காகப் புரிந்துகொண்டு, அதை வைத்தே என்னை ஏமாற்றியிருக்கிறார். "இந்தச் சேத்தக் கழுவியிருந்தா நான் கண்டுபிடிச்சிருக்கவே மாட்டேன்" என்றேன்.

"கழுவக் கூடாதுன்னு சொன்னீங்களே" என்றார். கிண்டல் இல்லை. சொன்னதை மீறவில்லை என்று எனக்கு எடுத்துச் சொன்னார், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பெருமையாகவே சொன்னேன். மண்ணை வைத்துக் கண்டுபிடித்தேன் என்றதும் அவளும் சிரித்தாள். மடி விஷயம் வந்ததும் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அவுக்கச் சொன்னியா?"

"கையை மடிமேலயே வச்சிருந்தா. நான் என்ன பண்றது?"

"என்ன இருந்துச்சு?"

"போனு. வெத்தல. ஒரு சாவி."

அம்மா அடுப்பை அணைத்தாள். "களத்துமேட்டுல எங்கிட்ட கேட்டவரும் படிச்சவர்தான். அவரும் நாங்க கைய வச்சிருக்கறதப் பாத்துத்தான் கண்டுபிடிக்கறதாச் சொல்வாரு" என்றாள். பிறகு எனக்குச் சோறு போட்டாள்.

மறுநாள் விடியும் முன்னே அவள் கணவர் போன் செய்தார். வாத்துக்காரம்மாவை அவள் என்றா எழுதினேன்? இதுவரை அவர் என்று எழுதி வந்தேன். அம்மாவிடம் பேசும்போதும் "வச்சிருந்தா" என்றுதான் வந்தது. பழகிவிட்டால் நாக்குக்குக் கூச்சம் போய்விடுகிறது. திருத்திக்கொள்கிறேன். அவர் கணவர் போன் செய்தார். "நீங்களே வந்து பொறுக்கிக்குங்க டாக்டரம்மா. எங்க கை படல" என்றார்.

போனேன். இருவரும் பட்டியிலிருந்து இருபது அடி தள்ளி நின்றார்கள். உள்ளே வழக்கமான முட்டையில் பாதிகூட இல்லை. அதில் சில, ஓடு பிடிக்காமல் தோலோடு கிடந்தன. "பயந்தா உள்ளயே வச்சிக்கும்" என்றார் கணவர், பொதுவாக. பத்து முட்டையை எடுத்துத் தேதி எழுதினேன். அன்றிலிருந்து பங்குனி கடைசிவரை நானே போய், நானே பொறுக்கினேன். மெதுவாக நடக்கவும், குனிந்தபடியே நகரவும் கற்றுக்கொண்டேன். வாத்துகள் என்னைப் பழகிக்கொண்டன. வாத்துக்காரம்மா நான் வரும்போதெல்லாம் கொட்டகைக்குள் இருந்தார்.

பழைய எண்களை மொத்தமாகத் தூக்கிப் போட்டுவிட்டு, நான் பொறுக்கியவற்றை மட்டும் அளந்தேன். நடந்த மறுநாள் முட்டையில் ஹார்மோன் கொஞ்சம் ஏறியது. அதற்கடுத்த நாளே இறங்கியது. வதை என்று சொல்லும்படி எதுவும் இல்லை. அந்த அம்மா எதையும் மாற்றிக் கொடுத்திருக்க வேண்டியதே இல்லை. ஆனால் கோட்டின் தொடக்கத்தில் ஒரே ஓர் இடத்தில், மற்றதெல்லாம் தரையில் கிடக்க, ஒரு புள்ளி மட்டும் எங்கேயோ மேலே போய் நின்றது. தேதியைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

வழிகாட்டி அதன்மேல் பேனாவை வைத்தார். "இது என்ன? நாயா, கீரியா?"

"வெளியாள் இடையூறு சார்."

"யாரு?"

"நான்தான் சார்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். முதல் தடவையாக என்மேல் சந்தேகமில்லாமல் பார்த்தார் என்று நினைக்கிறேன். முதல் தொகுப்பு ஏன் கெட்டது என்று கேட்டதற்கு, நேரில் எடுக்காதது என் தப்பு என்று சொல்லி முடித்துக்கொண்டேன். "அந்த ஒரு நாள எடுத்துடுங்க. ஆய்வுக்குச் சம்பந்தமில்லாதது" என்றார். எடுத்துவிட்டேன். அடிக்குறிப்பில், பட்டியில் வெளியாள் இடையூறு காரணமாக ஒரு நாள் விலக்கப்பட்டது என்று எழுதினேன். வாத்துகளின் பயம் வெளியே தெரியக் கூடாது என்று வாத்துக்காரம்மா முட்டையை மாற்றினார். நான் என்னைத்தான் மறைத்தேன். எனக்குப் பட்டம் வந்தது. நடத்திப் போவதைத் தடுக்கவேண்டியதில்லை என்று துறையிலிருந்து பதிலும் போனது.

அதன் நகலை வாத்துக்காரம்மாவின் கையில் கொடுக்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். போனில் சொல்லியிருக்கலாம். நேரில் கொடுத்தால் மற்றதையும் சேர்த்துச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மன்னித்துவிடுங்கள் என்பதை ஒரு காகிதத்தோடு சேர்த்துச் சொல்வது சுலபம் என்று தோன்றியது. அடுத்த வருடம் அறுவடை முடிந்ததும் விசாரித்துக்கொண்டு போனேன். அதே கொள்ளிடக் கரை, அதே மேடு. இந்த முறை போன் செய்துவிட்டு, ஸ்கூட்டரைச் சாலையில் எல்லோரும் பார்க்கும்படி நிறுத்திவிட்டுத்தான் வரப்பில் இறங்கினேன்.

அவர் வலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கிழிசலைக் கட்டிக்கொண்டிருந்தார். தூரத்திலேயே என்னைப் பார்த்துவிட்டார். நான் சிரித்தேன், காகிதத்தைத் தூக்கிக் காட்டினேன். அவர் வலையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். நான் கிட்டே வந்து சேர்வதற்குள், இடுப்பில் முடிச்சை அவிழ்த்து, போனையும் சாவியையும் ஒரு கையில் எடுத்துக்கொண்டு, மடியை ஓர் உதறு உதறிவிட்டு நின்றார்.